மாறாத நூறு ரூபாய் எங்கே போயிற்று? – இணைப்பதிவுப் பக்கங்களில் பிழை காணும் முறை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

முன்னுரை

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் மொழி. கணிப்பொறியிலே போட்டாலும் அளந்துதான் போட வேண்டும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் நான் கற்றுக்கொண்டேன். கற்ற இடம் நம் கல்லூரி ஆய்வகம் அன்று. பாகூர் கொம்யூனில் உள்ள எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திண்ணை. அங்கே 12 பெண்கள் முன்னிலையில் தலை கவிழ்ந்து நின்று கற்ற பாடத்தை, என்னைப் போன்று நிரல் எழுதப் பழகும் தோழர் தோழியர்க்கும், பிற துறை நண்பர்கட்கும் விளங்கும் வண்ணம் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் பெற்றோர் இருவரும் வயல் வேலை செய்பவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் தாயார் எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றில் உறுப்பினர். ஞாயிறுதோறும் மாலையில் குழு கூடும். ஆளுக்கு 100 ரூபாய் சேமிப்பு. வர இயலாதவர் அடுத்த வாரம் 200 ரூபாயாகக் கட்டுவார். நான் 'அத்தை' என்று அழைக்கும் அண்டை வீட்டு அம்மையார்தான் குழுவின் ஊக்குநர். பணம் வாங்குவதும், பேரேட்டில் எழுதுவதும், ஒவ்வொருவரின் பாஸ் புத்தகத்தில் கையெழுத்திடுவதும், மறுநாள் வங்கியில் செலுத்துவதும் அவர் பொறுப்பு.

சுயஉதவிக் குழுக்களின் வரலாற்றை அறிந்தவர்க்கு இந்தப் பேரேட்டின் அருமை தெரியும். தமிழ்நாட்டில் இவ்வியக்கம் 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசுத் திட்டமாகத் தொடங்கியது. 1992இல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை ஆரம்பித்தது. நல்ல குழுவுக்கு உரிய ஐந்து இலக்கணங்களைப் 'பஞ்ச சூத்திரம்' என்பர். தவறாமற் கூடுதல், தவறாமற் சேமித்தல், தமக்குள் கடன் வழங்குதல், தவணை தவறாமல் திருப்புதல், கணக்கேடுகளை அன்றன்று எழுதி வைத்தல் என்பனவே அவை. வங்கி மேலாளர் கடன் கேட்டு வரும் குழுவிடம் முதலில் பார்ப்பது ஏடுகளைத்தான். ஏடு பிழையானால் கடன் தள்ளிப்போகும். கடன் தள்ளிப்போனால் ஒருத்தியின் மாடு, இன்னொருத்தியின் மகள் கல்லூரிக் கட்டணம், எல்லாமே தள்ளிப்போகும்.

இத்தகைய ஏட்டைக் கணிப்பொறியில் ஏற்றித் தருகிறேன் என்று நானே முன்வந்தேன். மூத்த மாணவி ஒருவர் தந்த பழைய மடிக்கணினியும், முதலாண்டில் கற்ற பைத்தான் மொழியும் துணை.

தாய்ப் பதிவும் சேய்ப் பதிவும்

கணக்கேடு எதுவாயினும் அதில் இரு வகைப் பதிவுகள் உண்டு. உறுப்பினர் பெயர், முகவரி, சேர்ந்த நாள் போன்றவை ஒரு முறை எழுதப்படுபவை. இதனைத் தாய்ப் பதிவு என்போம். அவர் ஒவ்வொரு வாரமும் கட்டும் பணம் பல முறை எழுதப்படுவது. இதனைச் சேய்ப் பதிவு என்போம். ஒரு தாய்க்குப் பல சேய்கள். ஒவ்வொரு சேயும் தன் தாய் யார் என்பதைக் காட்டும் எண்ணைத் தன்னிடம் வைத்திருக்கும். அவ்வெண்ணை அயற்சாவி என்று தரவுத்தளப் பாடத்தில் படிக்கிறோம்.

இதற்கு உவமை தேடி நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. வடமொழியிலும் தமிழிலும் எழுதப்பட்ட ஐந்து ஏடுகள். அவற்றைக் கோத்தது ஒரே வளையம். வளையம் இருக்கும் வரை எந்த ஏடு எந்தக் கொடையைச் சேர்ந்தது என்ற ஐயம் எழாது. வளையம் அறுந்தால் ஏடுகள் வெறும் தகடுகளாகிவிடும். தரவுத்தளத்தில் அயற்சாவி செய்வது இவ்வளையத்தின் வேலையே.

நான் பயன்படுத்தியது ஜாங்கோ என்னும் இலவச நிரற்சட்டகம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்டு என்னும் நாளிதழின் அலுவலகத்தில், ஆட்ரியன் ஹொலவாட்டி, சைமன் வில்லிசன் என்னும் இருவர் 2003இல் இதனை உருவாக்கத் தொடங்கினர். 2005 ஜூலையில் எல்லோர்க்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. நிரல் அறியாத செய்தியாளர்களும் தாமே தகவலைப் பதிய வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தமையால், இதில் நிர்வாகப் பக்கம் ஒன்று ஆயத்தமாகவே வருகிறது. அப்பக்கத்தில் தாய்ப் பதிவைத் திறந்தால், அதற்குக் கீழேயே சேய்ப் பதிவுகள் வரிவரியாக விரியும். அங்கேயே திருத்தலாம், சேர்க்கலாம், நீக்கலாம். இவ்வசதிக்கு இன்லைன் என்று பெயர். உறுப்பினர் பெயரைச் சொடுக்கினால் அவருடைய சேமிப்பு வரிகள் அத்தனையும் கீழே தெரியும். கடைசியில் புதிய வரிக்காக ஓர் இடம் காத்திருக்கும்.

பேரேட்டின் பக்கம் போலவே இருந்ததால் அத்தைக்கும் அது பிடித்துப்போயிற்று. வேலை எளிதாக வேண்டுமென்று நான் ஒன்று செய்தேன். புதிய வரியில் அன்றைய தேதியும் 100 ரூபாய் என்ற தொகையும் தாமாகவே நிரம்பி நிற்குமாறு அமைத்தேன். பணம் கட்டியவரின் பக்கத்தைத் திறந்து 'சேமி' பொத்தானை அழுத்தினால் போதும், தட்டச்சே வேண்டாம். 'வெற்றிகரமாக மாற்றப்பட்டது' என்று பச்சை நிறத்தில் ஒரு செய்தியும் வரும்.

"இனிமே நோட்டுல எழுத வேணாம் அத்தை" என்று பெருமையாகச் சொன்னேன்.

"அது பாட்டுக்கு அது இருக்கட்டும் பாப்பா, நா பாட்டுக்கு எழுதிக்கிறேன்" என்றார் அவர். அந்தச் சொல்லே பின்னர் எங்களைக் காத்தது.

ஐந்தாம் ஞாயிற்றுக்கிழமை

நான்கு வாரம் கழிந்தது. ஐந்தாம் ஞாயிறு மாலை, கணிப்பொறி அச்சிட்ட பட்டியலைத் திண்ணையில் நின்று உரக்கப் படித்தேன். பெரும்பாலான பெயர்களுக்கு நேரே மிகக் குறைந்த தொகை. சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஒரு வாரமும் தவறாமல் கட்டிய என் தாயார் பெயருக்கு நேரே பூஜ்ஜியம். நிலுவை வைத்து 200 ரூபாயாகக் கட்டியவர்களின் தொகை மட்டும் ஒழுங்காக இருந்தது.

திண்ணையில் பேச்சு நின்றுவிட்டது. "நாங்க குடுத்தது எங்க போச்சு?" என்று ஒருவர் கேட்டார். "கம்ப்யூட்டரா பொய் சொல்லும்?" என்றார் இன்னொருவர். யாரும் அத்தையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருடைய பார்வையும் அவர்மேல் இருந்தது. பதினோரு ஆண்டுகளாகக் குழுவின் பணத்தைத் தொட்டு வரும் அவர் முகம் வாடியதை நான் கண்டேன். அப்போதும் என் நிரலை நான் ஐயுறவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அத்தை வீட்டுக்குப் போய்ப் பேரேட்டையும் வங்கிப் பாஸ் புத்தகத்தையும் கொண்டுவந்து விரித்தார். பேரேட்டுத் தொகையும் வங்கித் தொகையும் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்திருந்தன. பிசகியது கணிப்பொறி மட்டுமே. அதாவது நான்.

பிழை தேடிய முறை

அன்றிரவு நான் செய்த தேடலை வரிசையாகக் கூறுகிறேன். எந்த இன்லைன் பக்கத்தில் எந்தக் கோளாறு வந்தாலும் இவ்வரிசை உதவும்.

முதற்கண், கோளாற்றின் அளவை அறிதல். இரண்டாம் ஞாயிறை மட்டும் எடுத்துக்கொண்டேன். பேரேட்டின்படி 10 பேர் 100 ரூபாயும், முன்வாரம் வராத 2 பேர் 200 ரூபாயும் கட்டினர். மொத்தம் 1,400 ரூபாய். கணிப்பொறியில் 400 ரூபாய். காணாமற்போனது சரியாக 1,000 ரூபாய். அதாவது 100 ரூபாய் கட்டிய பத்து வரிகள். கோளாறு தற்செயலாக நேர்ந்ததாயின் இப்படித் தேர்ந்தெடுத்து விழுங்கியிராது. ஏதோ ஒரு விதி இயங்குகிறது என்பது தெளிவாயிற்று.

இரண்டாவது, செய்தி வழியில் எங்கே தொலைந்தது என்று பார்த்தல். நாம் பொத்தானை அழுத்தியதும் படிவத்தில் உள்ள மதிப்புகள் வழங்கிக்குச் செல்கின்றன, வழங்கி சரிபார்க்கிறது, சரியாயின் தரவுத்தளத்தில் எழுதுகிறது. உலாவியின் உருவாக்குநர் கருவிகளைத் திறந்தால் என்னென்ன மதிப்புகள் அனுப்பப்பட்டன என்பதைக் காணலாம். தேதியும் 100 என்ற எண்ணும் ஒழுங்காகவே சென்றிருந்தன. வழங்கியின் கருந்திரையில் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு விடை எண் தோன்றும். படிவத்தில் பிழை இருந்தால் பக்கம் அப்படியே திரும்பி வரும், எண் 200. சரிபார்ப்பில் தேறினால் உலாவியை வேறு பக்கத்துக்கு அனுப்பும், எண் 302. எனக்கு வந்தது 302. ஆகவே ஜாங்கோ எந்தப் பிழையும் காணவில்லை. ஆனால் தரவுத்தளத்தில் வரி இல்லை. சரிபார்ப்பிற்கும் எழுதுதற்கும் இடையில் எங்கோ வரி விடுபடுகிறது.

மூன்றாவது, சாட்சியை விசாரித்தல். ஒவ்வொரு பதிவுக்கும் 'வரலாறு' என்றொரு பக்கம் நிர்வாகப் பகுதியில் உண்டு. என் தாயாரின் வரலாற்றைத் திறந்தேன். நான்கு ஞாயிறுகளிலும் ஒரே வாசகம்: எந்தப் புலமும் மாற்றப்படவில்லை. பச்சைச் செய்தி 'மாற்றப்பட்டது' என்றது. வரலாறோ 'ஒன்றும் மாறவில்லை' என்றது. பச்சைச் செய்தி கூறுவது, சேமிக்கும் செயல் தடையின்றி முடிந்தது என்பதை மட்டுமே. என்ன சேமிக்கப்பட்டது என்பதை அது கூறுவதில்லை. நான்கு வாரமும் அதனை நம்பி ஏமாந்தேன்.

நான்காவது, ஒரே ஒரு காரணியை மாற்றிச் சோதித்தல். இயற்பியல் ஆய்வகத்தில் நாம் செய்வது இதுவே. 100ஐ 101 ஆக்கிச் சேமித்தேன், பதிந்தது. மீண்டும் 100 என்று வைத்தேன், பதியவில்லை. 100ஐ அழித்துவிட்டுக் கையாலேயே 100 என்று தட்டினேன், அப்போதும் பதியவில்லை. விதி பிடிபட்டுவிட்டது.

மாறாதது வெற்று

ஜாங்கோவின் நோக்கிலிருந்து பார்ப்போம். பக்கத்தின் கடைசியில் எப்போதும் ஒரு வெற்று வரி காத்திருக்கிறது. பயனர் வேறு காரியமாகப் பக்கத்தைத் திறந்து மூடும்போது அவ்வெற்று வரியையும் பதிவு செய்தால் தரவுத்தளம் குப்பையாகிவிடும். ஆகவே ஒவ்வொரு புதிய வரியையும் பார்த்து, 'இதில் எதையேனும் மனிதர் மாற்றினாரா?' என்று கேட்கிறது. இக்கேள்வியைக் கேட்கும் நிரற்பகுதிக்கு ஹேஸ் சேஞ்ச்டு என்று பெயர். பக்கம் திறந்தபோது இருந்த மதிப்பும் திரும்பி வந்த மதிப்பும் ஒன்றாயின், அவ்வரியை யாரும் தொடவில்லை என்று கொண்டு ஓசையின்றிக் கடந்துவிடும்.

நானோ அவ்வரியை முன்கூட்டியே 100 ரூபாயால் நிரப்பி வைத்திருந்தேன். 100 ரூபாய் கட்டியவரின் வரி, தொடப்படாத வரியிலிருந்து எவ்வகையிலும் வேறுபடவில்லை. தேதியும் அப்படியே. 200 ரூபாய் கட்டியவரின் வரியில் மட்டும் எண் மாறியது. அது மட்டும் பதிந்தது. வாரந்தோறும் வழுவாமல் கட்டிய பெண்களே ஏட்டில் இல்லாதவர் ஆயினர்.

இதில் ஜாங்கோவின் பிழை ஒன்றும் இல்லை. அதன் விதி நியாயமானதே, ஆவணத்திலும் எழுதப்பட்டதே. வழக்கமான தொகையை முன்னிருப்பாக வைத்த என் எண்ணம்தான் அவ்விதியோடு மோதியது.

திருத்தமும், திருத்தத்தின் பிழையும்

விதி தெரிந்த மகிழ்ச்சியில் உடனே ஒரு மருந்து செய்தேன். 'புதிய வரியாயின் எப்போதும் மாறியதாகவே கொள்க' என்று அந்நிரற்பகுதியை மாற்றி எழுதினேன். 100 ரூபாய் பதிந்தது. நிம்மதியாக உறங்கினேன்.

புதன்கிழமை, உறுப்பினர் ஒருவரின் தொலைபேசி எண்ணைத் திருத்தச் சொன்னார்கள். பக்கத்தைத் திறந்து எண்ணைத் திருத்திச் சேமித்தேன். கீழே காத்திருந்த வரியும் கூடவே பதிந்துவிட்டது: புதன்கிழமைத் தேதியில் 100 ரூபாய் சேமிப்பு! அவர் கட்டாத பணம் அது. முதல் நிரல் கட்டிய பணத்தை மறைத்தது. இரண்டாம் நிரல் கட்டாத பணத்தைப் படைத்தது. மறைந்த பணத்துக்குப் பேரேடு சாட்சி சொன்னது. படைக்கப்பட்ட பணத்தை, உறுப்பினர் விலகும் நாளில் கொடுக்கக் கையில் காசு இராது. இரண்டில் இதுவே கொடிது.

நம் துறைப் பேராசிரியரிடம் ஓடினேன். முழுவதையும் கேட்டபின் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த 100 ரூபாயை யார் எழுத வேண்டும், நீயா, பணம் வாங்குபவரா?" அக்கேள்வியிலேயே விடை இருந்தது. முன்னிருப்புத் தொகையை எடுத்துவிட்டேன். தொகைக் கட்டம் இப்போது வெறுமையாக நிற்கிறது. தேதி மட்டும் தானாக நிரம்பும். பணம் வந்தால் 100 என்று தட்ட வேண்டும், மூன்று விசைகள்தாம். தட்டினால் வரி மாறியதாகிப் பதியும். தட்டாவிட்டால் வரி வெற்றாகக் கருதப்பட்டு விடுபடும். எந்த விதி என்னைக் கவிழ்த்ததோ அதே விதி இப்போது எனக்குத் துணை நிற்கிறது.

அத்துடன் இரு காவல்கள் சேர்த்தேன். ஒரே உறுப்பினருக்கு ஒரே தேதியில் இரு வரிகள் வரலாகாது என்ற கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே வைத்தேன். பொத்தானைத் தவறுதலாக இருமுறை அழுத்தினாலும் அது தடுக்கும். அன்றைய வரவின் கூட்டுத்தொகை தனிப் பக்கத்தில் தெரியுமாறு செய்தேன். அத்தை பணத்தை எண்ணிச் சொல்வார். நான் கூட்டுத்தொகையைப் படிப்பேன். இரண்டும் ஒத்த பிறகே எல்லாரும் எழுவோம்.

மற்றும் சில நோய்களும் மருந்துகளும்

இப்பக்கத்தைச் செப்பனிட்ட மாதங்களில் வேறு சில கோளாறுகளையும் சந்தித்தேன். சிலவற்றை நம் கல்லூரி ஆய்வகத்தில் தோழியும் நானும் வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்தோம். நண்பர்கட்குப் பயன்படும் என்பதால் அவற்றையும் குறிக்கிறேன்.

ஒன்று: 'கீழுள்ள பிழையைத் திருத்துக' என்று செய்தி வருகிறது, கீழே எந்தப் பிழையும் தெரியவில்லை. பக்கத்தின் தோற்றத்தை மாற்றத் தாமே டெம்ப்ளேட் எழுதுவோர்க்கு இது நேரும். ஒவ்வொரு இன்லைன் பகுதியோடும் கண்ணுக்குத் தெரியாத சில மதிப்புகள் செல்கின்றன. மொத்தம் எத்தனை வரிகள், அவற்றுள் பழையவை எத்தனை என்பவற்றைச் சுமப்பது மேனேஜ்மெண்ட் ஃபார்ம் எனப்படும். ஒவ்வொரு பழைய வரிக்கும் அதன் அடையாள எண்ணும் மறைவாகச் செல்லும். டெம்ப்ளேட்டில் இவற்றை விட்டுவிட்டால், பிழை மறைவான இடத்தில் நிகழ்கிறது. காட்ட இடமில்லாமல் போகிறது. வரிகளின் பிழைப்பட்டியலையும், வரிகளுக்குப் பொதுவான பிழைப்பட்டியலையும் கருந்திரையில் அச்சிட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கும்.

இரண்டு: ஒரு சேய்க்கு இரு தாய். குழுவின் கடன் பதிவில் கடன் பெற்றவர் ஒருவர், பிணை நின்றவர் ஒருவர், இருவரும் உறுப்பினரே. கடனை உறுப்பினர் பக்கத்தில் இன்லைனாகக் காட்டச் சொன்னால், எந்த உறவின்படி காட்டுவது என்று ஜாங்கோவுக்குத் தெரியாது. ஈ-202 என்னும் எண்ணுடைய பிழையைக் கூறி நின்றுவிடும். எஃப்.கே. நேம் என்ற இடத்தில் 'கடன் பெற்றவர்' என்று குறித்தால் தீரும். இங்கே கவனம் வேண்டும்: தவறி 'பிணை நின்றவர்' என்று குறித்தாலும் பக்கம் இயங்கும், ஆனால் ஒருத்தி வாங்கிய கடன் மற்றொருத்தியின் பக்கத்தில் நிற்கும்.

மூன்று: வரிகள் பெருகிய பின் வரும் கோளாறு. ஒரே வேண்டுகோளில் 1,000 புலங்களுக்கு மேல் வந்தால் ஜாங்கோ ஏற்பதில்லை. விடை எண் 400. அளவற்ற புலங்களை அனுப்பி வழங்கியை முடக்க முயல்வோர்க்கு எதிரான காப்பு இது. என் பக்கத்தில் ஒரு வரிக்கு ஐந்து மதிப்புகள் செல்கின்றன: அடையாள எண், தாயின் எண், தேதி, ஒப்பிடுவதற்காக மறைத்து வைத்த பழைய தேதி, தொகை. ஆண்டுக்கு 52 வாரம்; நான்கு ஆண்டுகளில் 208 வரிகள்; 208 × 5 = 1,040. ஆக, நான் கல்லூரியை விட்டுச் சென்ற பின்னர் ஒருநாள் பக்கம் திடீரென நின்றுபோயிருக்கும். காரணம் சொல்ல ஊரில் ஆள் இராது. வரம்பை உயர்த்துவது எளிது. ஆயினும் பழைய வரிகளைத் தனிப் பட்டியலில் பார்க்கச் செய்து, நடப்புக் காலாண்டின் வரிகளை மட்டும் இன்லைனில் வைத்தேன். பழைய கணக்கில் கை தவறிப் படுவதும் இதனால் நின்றது.

நான்கு: ஒரே பக்கத்தை இருவர் திறந்திருத்தல். தோழியும் நானும் ஒரே உறுப்பினரின் பக்கத்தை இரு கணிப்பொறிகளில் திறந்தோம். நான் ஒரு வரியை நீக்கிச் சேமித்தேன். அதன் பின் அவள் சேமித்தபோது, அவளுடைய பக்கத்தில் இருந்த அவ்வரியின் அடையாள எண் செல்லாது என்று பிழை வந்தது. இருவரும் ஒரே வரியில் வெவ்வேறு தொகை எழுதிச் சேமித்தபோதோ பிழையே வரவில்லை. கடைசியில் சேமித்தவர் எழுதியது நின்றது. ஆகவே பணக் கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் எழுதுவதே நன்று.

ஐந்து: தாயை நீக்கினால் சேய்கள் என்னாகும்? அயற்சாவியை அமைக்கும்போதே இதற்கு விடை தர வேண்டும். கேஸ்கேட் என்று எழுதினால் தாயோடு எல்லாச் சேய்களும் அழியும். புரொடெக்ட் என்று எழுதினால் சேய்கள் உள்ளவரை தாயை நீக்க முடியாது. பாடப் பயிற்சிகளில் பழகிய பழக்கத்தில் நான் முதலாவதையே எழுதியிருந்தேன். திருமணமாகி வேற்றூர் சென்ற பெண்ணின் பெயரை யாரேனும் நீக்கினால் அவளுடைய சேமிப்பு வரலாறும் சேர்ந்து போயிருக்கும். இப்போது யாரையும் நீக்குவதில்லை. 'விலகினார்' என்று குறிக்கிறோம். பழைய பேரேட்டில் அத்தை பெயரை அடித்து எழுதாமல், ஓரத்தில் 'விலகல்' என்று குறித்து வைத்திருந்த முறையும் அதுவே.

முடிவுரை

நான்கு வாரக் கணக்கையும் அத்தையின் பேரேட்டைப் பார்த்து மீண்டும் ஏற்றினேன். அடுத்த ஞாயிறு திண்ணையில் எழுந்து நின்று, பிழை என்னுடையது, அத்தையுடையது அன்று என்று சொன்னேன். 'யாரும் தொடாத வரி என்று நினைத்துக் கணிப்பொறி விட்டுவிட்டது' என்று விளக்கியபோது என் தாயார் கேட்டார்: "ஒழுங்கா கட்டுனா கணக்குல வராது, பாக்கி வச்சா வரும். நல்லா இருக்குதே உங்க படிப்பு!" எல்லாரும் சிரித்தனர், அத்தையும் சிரித்தார். அவர் சிரித்த பிறகே எனக்கு மூச்சு வந்தது.

என் தாயார் கூறியது வேடிக்கையாயினும் அதில் ஓர் உண்மை உண்டு. நிரல் எழுதும் நாம், வழக்கத்துக்கு மாறானவற்றையே சோதிக்கிறோம். எதிர்மறை எண் கொடுத்தால் என்னாகும், எழுத்தைக் கொடுத்தால் என்னாகும், தொகையை விட்டுவிட்டால் என்னாகும் என்று நானும் சோதித்தேன். எல்லாரும் கட்டும் அதே 100 ரூபாயைக் கட்டினால் என்னாகும் என்று ஒருமுறையும் சோதிக்கவில்லை. அது சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணினேன். நம் ஊர்களில் கணிப்பொறி ஏட்டில் வரப்போகிறவர்களுள் பெரும்பாலோர் அப்படிப்பட்ட மாறாத 100 ரூபாய் மனிதர்களே. ஆகவே முதற் சோதனை அவர்களுடைய வரியாக இருக்கட்டும்.

தம்பி தங்கையரே, ஊர்க் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்ற நீங்களும் முன்வருவீர்கள், வர வேண்டும். பச்சைச் செய்தியை மட்டும் நம்பாதீர்கள்; வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்; கையிலுள்ள பணத்தோடு கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கள். இரண்டும் பல மாதங்கள் ஒத்து வரும் வரை, காகிதப் பேரேட்டை மூடச் சொல்லாதீர்கள். எங்கள் குழுவில் இன்றும் அத்தை நோட்டில் எழுதிய பிறகே நான் விசையைத் தட்டுகிறேன்.